ரேடியோவுக்குள் நுழையும் கணினி

எங்கள் வீடு கும்பகோணத்தில். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவ் இங்கே பகலிலும் கணீரென்று வரும். நடுவில் மலை கிடையாது, எல்லாம் ஈர வயல். தரையோடு தரையாக ஓடிவரும் மீடியம் வேவுக்கு இதைவிட நல்ல பாதை அமையாது. சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கும் சின்ன ரேடியோவே போதும். ஒரு நாள் சாயங்காலம் அந்த நிலையம் 'கொர்ர்ர்' என்ற சத்தத்துக்கு அடியில் போய்விட்டது. யாரோ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பது பிடிபடவில்லை. மறுநாள் காலையில் சரியாக இருந்தது. சாயங்காலம் மறுபடியும் கொர்ர்ர். மூன்று நாள் கவனித்தேன். மகள் மடிக்கணினியோடு உட்காரும் நேரமும் அந்தச் சத்தம் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தன.

"கொஞ்ச நேரம் ஷட் டவுன் பண்ணும்மா" என்றேன். பண்ணினாள். சத்தம் சட்டென்று அடங்கியது. காதை ரேடியோவில் ஒட்டி வைத்தால் 'டுக் டுக்' என்று மெல்லிய ஏதோ ஒன்று மட்டும் மிச்சம். மறுபடி ஆன் செய்யச் சொன்னேன், கொர் திரும்பி வந்தது. குற்றவாளி மடிக்கணினிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு. இதே தவறை ரேடியோ கேட்கும் நண்பர்கள் பலரும் செய்திருக்கிறார்கள். சிலர் கணினியையே மாற்றிவிட்டு, சத்தம் மட்டும் அப்படியே இருப்பதைப் பார்த்து அலுத்துப்போயிருக்கிறார்கள். தவறு எங்கே வருகிறது என்று புரிய, கணினி எதற்காக ரேடியோவில் கேட்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கணினிக்குள் ஓடும் மின்சாரம் ஏறி இறங்குவதில் நிதானம் கிடையாது. இருந்தால் முழுதாக இருக்கும், இல்லையென்றால் துளியும் இருக்காது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். வரைந்து பார்த்தால் கோட்டைச் சுவரின் கொத்தளம் மாதிரி சதுரம் சதுரமாக வரும். இப்படிச் சதுரமாக ஏறி இறங்கும் எந்த அலையும் தனி அலை அல்ல, அது ஒரு கூட்டம் என்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிய உண்மை. அடிப்படை அதிர்வெண் ஒன்று இருக்கும். அதோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 15 மடங்கு, 50 மடங்கு என்று ஒரு வரிசையே சேர்ந்து வரும். சதுரத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயரத்துக்கு அந்த வரிசை போகும். அதில் ஏதோ ஒரு மடங்கு நீங்கள் கேட்கும் நிலையத்தின் மேல் விழுந்தால் அதுதான் இரைச்சல்.

சரி, கணினிக்குள் இப்படிச் சதுர அலை உண்டாக்கும் இடங்கள் எத்தனை? பிராசசரின் கடிகாரம், மெமரி, திரைக்குப் படம் அனுப்பும் கேபிள், யு.எஸ்.பி., இணைய மோடம். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் வரும் 230 வோல்ட்டை வேகமாக வெட்டி வெட்டி (அதைத்தான் சுவிட்ச் செய்வது என்கிறார்கள்) கணினிக்கு வேண்டிய 19 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். மடிக்கணினியின் கறுப்பு அடாப்டருக்குள் இருப்பதும் அதேதான். கணினி என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும் ரேடியோவின் காதுக்கு அது ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும் வீடு.

நல்ல வேளை, ஒவ்வொருவர் குரலும் வேறு. கடிகாரத்திலிருந்து வருவது குவார்ட்ஸ் படிகம் தருகிற ஓசை. அதனால் அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் மெல்லிய விசில். ட்யூனிங்கைக் கொஞ்சம் நகர்த்தினால் மறைந்துவிடும். திரை கேபிளிலிருந்தும் மெமரியிலிருந்தும் வரும் சத்தம் நீங்கள் செய்யும் வேலைக்கேற்ப மாறும். மவுஸை நகர்த்தினால் கீச்சிடும், பக்கத்தை உருட்டினால் வேறு மாதிரி இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். சத்தம் அகலமானது, முரடானது. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதற்குள் 100 ஹெர்ட்ஸ் உறுமலாக ஏறியிருக்கும். அடாப்டர் சூடாகச் சூடாக அது இருந்த இடத்திலிருந்து மெல்ல நகரும். எனக்குக் கேட்டது மூன்றாவது வகை. அதை அன்றே கவனித்திருந்தால் மடிக்கணினியைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறையாக உட்கார்ந்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ, ஒரு தாள், ஒரு பேனா. பேட்டரி என்பது முக்கியம், ஏனென்றால் ரேடியோவைப் பிளக்கில் மாட்டியிருந்தால் வீட்டு ஒயர் வழியாகவே இரைச்சல் அதற்குள் ஏறிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தேன். ரேடியோ சுத்தமாக இருந்தது. இந்தச் சோதனையை மட்டும் வைத்து 'சத்தம் நம் வீட்டுக்குள்தான்' என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அடுத்த வீட்டுச் சத்தமும் கம்பத்து ஒயர் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வருகிறது, மெயினை அணைத்தால் அதுவும் குறையும். பின்னால் எனக்கு இது உதவியது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மெயினைப் போட்டுவிட்டு, மடிக்கணினியை அதன் பேட்டரியிலேயே ஓடவிட்டேன், அடாப்டரைப் பிளக்கிலிருந்தே உருவிவிட்டு. சத்தம் இல்லை. ரேடியோவைக் கீபோர்டின் மேலேயே வைத்தால் கீச்சும் விசிலுமாக ஒரு சந்தை கேட்டது. ஒரு முழம் தள்ளி எடுத்தால் ஒன்றுமில்லை. அப்புறம் மடிக்கணினி இல்லாமல் அடாப்டரை மட்டும் பிளக்கில் செருகினேன். அந்த 'டுக் டுக்' மட்டும். கணினியும் குற்றவாளி இல்லை, அடாப்டரும் குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டது! இரண்டையும் சேர்த்தேன். கொர்ர்ர். சமையலறையில், கூடத்தில், மாடிப்படி சுவிட்ச் பக்கத்தில், எங்கே ரேடியோவைக் கொண்டுபோனாலும்.

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். சுமை இல்லாதபோது அடாப்டர் முழு மூச்சாக வேலை செய்வதில்லை. கரண்டு வீணாகாமலிருக்க, கொஞ்சம் ஓடும், நின்று தூங்கும், மறுபடி கொஞ்சம் ஓடும். அந்தத் தூக்கம்தான் 'டுக் டுக்'. கணினி 40, 50 வாட் இழுக்கும்போதுதான் அது நிற்காமல் சுவிட்ச் செய்து முழுக் குரலில் கத்தும். கணினியை ஷட் டவுன் செய்ததும் சத்தம் அடங்கியதற்குக் காரணம் கணினி அமைதியானது அல்ல, அடாப்டருக்கு வேலை இல்லாமல் போனது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சோதித்தால் எல்லாமே நல்லவர்களாகத் தெரிவார்கள். வழக்கமாக ஓடும் நிலையிலேயே ஓடவிட்டு, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும்.

இதை உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு; எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ட்யூனிங்கை ஒரு கிலோஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸாக நகர்த்தி, இரைச்சல் மேடாக எழும் இடங்களைத் தாளில் எழுதினேன்: 867, 934, 1000, 1067, 1134, 1200, 1267. இடைவெளியைப் பாருங்கள்: 67, 66, 67, 67, 66, 67. சராசரி ஏறக்குறைய 66.7. எங்கோ ஒரு பொருள் நொடிக்கு 66,700 தடவை சுவிட்ச் ஆகிறது. எனக்குக் கேட்பது அதன் 13-ஆவது மடங்கிலிருந்து 19-ஆவது மடங்கு வரை. ஒவ்வொரு மேடும் நாலைந்து கிலோஹெர்ட்ஸ் அகலம். திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 என நான்கு நிலையங்களும் மேட்டை ஒட்டி மாட்டிக்கொண்டிருந்தன. சென்னை 720-உம் தூத்துக்குடி 1053-உம் இரண்டு மேடுகளுக்கு நடுப் பள்ளத்தில் தப்பித்திருந்தன. ஒரு நிலையம் கெட்டு அடுத்தது நன்றாக வந்தால் 'நிலையத்தில் கோளாறு' என்றுதான் நினைப்போம். கோளாறு மேஜைக்கு அடியில் இருந்தது.

65 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய இந்த எண் தற்செயல் அல்ல. உலகத்தில் ஓடும் மடிக்கணினி அடாப்டர்களில் ஏராளமானவை அந்த அக்கம்பக்கத்தில்தான் சுவிட்ச் ஆகின்றன. மின்சார ஒயர் வழியாக வெளியே போகும் இரைச்சலுக்கான சர்வதேச வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 65-ஐ இரண்டால் பெருக்கினால் 130. அடாப்டரின் மிகப் பலமான இரண்டு அலைகளும், அதாவது அடிப்படையும் இரண்டாம் மடங்கும், வரம்பு தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மூன்றாம் மடங்கிலிருந்து மட்டும் அடக்கினால் போதும், இரைச்சலை வெளியே விடாமல் தடுக்கும் ஃபில்டர் சின்னதாக அமையும். பொறியாளரின் நோக்கில் இது நல்ல கணக்கு. ஆனால் அந்த ஃபில்டரை அவர் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

எங்கள் அடாப்டர் கணினியோடு வந்தது அல்ல. முதலில் வந்தது பழுதாகி, அதற்குப் பதிலாகக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கியது. இரண்டையும் கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரிந்தது. சில நாள் பிளக்கில் மாட்டாமல் வைத்திருந்து இரண்டையும் பிளந்து பார்த்தேன். (இதை நீங்கள் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் தாக்கும்.) பழைய அடாப்டரில் 230 வோல்ட் நுழையும் வாசலில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடால் ஆன காந்தப் பொருள்) வளையம், அதன் பக்கத்தில் மஞ்சள் நிறப் பெட்டி வடிவக் கெப்பாசிட்டர், நீல நிற வட்டக் கெப்பாசிட்டர். புதிய அடாப்டரின் பலகையிலும் அந்த வளையத்துக்கும் மஞ்சள் பெட்டிக்கும் இடம் ஒதுக்கி, பெயர்கூட அச்சிட்டிருந்தார்கள். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்றுக் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்திருந்தார்கள். மஞ்சள் பெட்டியின் துளைகள் காலி. ஃபில்டர் வேண்டும் என்று வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. தயாரித்தவர் அதை எடுத்துவிட்டார். அடாப்டர் ஓடும், சார்ஜ் ஏறும், வாங்கியவருக்கு எதுவும் தெரியாது. ரேடியோ கேட்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் எனக்குக் கோபம்.

அந்த அடாப்டரின் மேல் ஐ.எஸ். 13252 என்ற எண் அச்சாகியிருந்தது. அது இருந்தாலே எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தரம் மின்தாக்கு, தீ போன்ற ஆபத்துகளைப் பற்றியது. ரேடியோ இரைச்சல் வேறு கணக்கு, வேறு சோதனை.

உள்ளங்கை அளவு அடாப்டரின் சத்தம் எப்படி வீடு முழுக்கக் கேட்கிறது? 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீட்டர். அதை வெளியே வீச ஒரு சின்ன டப்பாவால் முடியாது, நீளமான ஏரியல் வேண்டும். அந்த ஏரியல் வீட்டு ஒயரிங்தான். சாதாரணமாக ஃபேஸில் போகும் மின்னோட்டம் நியூட்ரலில் திரும்பி வரும். இரண்டு ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றின் அலையை மற்றது அழித்துவிடும். ஆனால் அடாப்டருக்குள் நொடிக்கு 66,700 தடவை துள்ளும் 325 வோல்ட்டில் ஒரு சிறு பகுதி, ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஒரே திசையில் ஏறிவிடுகிறது. திரும்பி வருவதற்கு அது காற்றையும் தரையையும் சுவரையும் வழியாக்கிக்கொள்கிறது. அழிக்க எதிர் ஓட்டம் இல்லாததால் வீட்டு ஒயர் முழுவதும், கம்பம் வரைக்கும், ஏரியலாகிவிடுகிறது. எடுத்துவிட்ட அந்த ஃபெரைட் வளையத்தின் வேலையே இந்த ஒரே திசை ஓட்டத்தை மறிப்பதுதான்.

இந்தத் தொல்லை கணினியின் வயதை ஒத்தது. 1960-களில் ஐ.பி.எம். 1401 போன்ற இயந்திரங்களைப் பராமரித்தவர்கள் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு, வரும் சத்தத்திலிருந்தே உள்ளே என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது வழக்கம். 1975-ல் ஆல்டேர் 8800 வந்தது. ஆர்வலர்கள் வீட்டில் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்ட கணினி அது. திரை இல்லை, ஸ்பீக்கர் இல்லை, முன்பக்கம் சுவிட்சும் சிறு விளக்குகளும் மட்டும். ஸ்டீவ் டாம்பியர் என்ற இளைஞர் தன் ஆல்டேரில் நிரல் ஓட்டும்போது பக்கத்திலிருந்த ரேடியோ கூச்சலிடுவதைத் தற்செயலாகக் கவனித்தார். எந்தக் கட்டளைச் சுழற்சி எந்தச் சுரத்தைத் தருகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வரிசைப்படுத்தினார். அந்த ஆண்டு ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்தில், ஒரு ஒயர்கூட இணைக்காத ரேடியோவில் கணினி பாட்டு வாசித்தது. அங்கே கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே கசிவுதான் நான்கைந்து ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் பெரிய தலைவலியானது.

1977-ல் வந்த டி.ஆர்.எஸ்.-80 என்ற வீட்டுக் கணினி இதற்குப் பேர்போனது. பிளாஸ்டிக் உறை, பாகங்களை இணைக்கும் கவசமில்லாத நாடா ஒயர். பக்கத்தில் ரேடியோவை வைத்தால் விளையாட்டுக்கு ஒலி கிடைக்கும் என்று அந்தக் கசிவையே பயன்படுத்திக்கொண்ட நிரல்களும் இருந்தன. அக்கம்பக்கத்து டி.வி.களில் கோடு விழுந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1979-ல் கணினிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. அலுவலகத்துக்கான கருவி 'ஏ' வகுப்பு, வீட்டுக்கான கருவி 'பி' வகுப்பு; வீட்டுக்கு வரம்பு கடுமை. 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. டி.ஆர்.எஸ்.-80-இன் முதல் மாடல் அந்த வரம்புக்குள் வரமுடியாமல் 1981 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. அட்டாரி 800 மாதிரியான கணினிகளோ, டி.வி.யோடு நேரடியாக இணைவதற்காக, உள்ளே கனத்த வார்ப்பு அலுமினியக் கூடு போட்டு வந்தன. பழைய கணினியைப் பிரித்துப் பார்த்து 'எதற்கு இவ்வளவு தகரம்' என்று வியந்தவர்களுக்கு விடை இதுதான்.

வரம்பு வந்தும் நமக்கு ஏன் கேட்கிறது? இந்த விதிகளின் அடிப்படையை ஒரு தடவை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். ரேடியோ இரைச்சலுக்கான சர்வதேசச் சிறப்புக் குழு, சி.ஐ.எஸ்.பி.ஆர்., 1934-ல் பாரிஸில் கூடியது. அப்போதிருந்தே இலக்கு, ஒருவர் வீட்டுக் கருவி அடுத்தவர் கேட்கும் ஒலிபரப்பைக் கெடுக்கக்கூடாது என்பது. இரைச்சலை அளக்கும் முறையைக்கூட மனிதக் காதை மனதில் வைத்தே அமைத்தார்கள்: எப்போதாவது ஒரு 'டக்' வந்தால் குறைந்த மதிப்பெண், அடுத்தடுத்து வந்து எரிச்சலூட்டினால் கூடுதல். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கணினியும் ரேடியோவும் ஒரே மேஜையில் இருந்தால் என்ன ஆகும் என்பது விதியின் கவலையே அல்ல. வரம்புக்கு உட்பட்ட நல்ல கணினியும் அரை மீட்டர் தூரத்தில் கேட்கத்தான் செய்யும். அதற்கு மருந்து ரேடியோவைத் தள்ளி வைப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. கணினியின் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரலில், 'ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' என்று ஒரு வசதி பார்த்திருப்பீர்கள். கடிகாரத்தின் அதிர்வெண்ணை அரை சதவீத அளவுக்கு, நொடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருக்கும். கூரான ஒரே அலை அகலமாகப் பரவுவதால் அளவுக்கருவியில் உச்சம் தாழ்ந்து தெரியும், சோதனையில் தேறிவிடும். வெளியே போகும் மொத்த ஆற்றல் குறையாது. ஒரே இடத்தில் நின்ற விசிலாக இருந்தால் அதைத் தாண்டிப்போய்க் கேட்கலாம். பரவிய சீறலைத் தாண்டிப்போக இடமில்லை. ரேடியோ கேட்பவன் என்ற முறையில் இதை நான் தீர்வாக ஏற்கவில்லை.

கசிவு மீடியம் வேவோடு நிற்பதும் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்கை நீல நிற யு.எஸ்.பி. வாயில் செருகியதும் ஒயர் இல்லாத மவுஸ் திக்கித் திக்கி நகர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த நீல வாய் யு.எஸ்.பி. 3.0 வகை, நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுவது. அதன் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடுகிறது. மவுஸும் வைஃபையும் அங்கேதான் பேசிக்கொள்கின்றன. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. மவுஸின் சின்ன ரிசீவரை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டி ஹார்ட் டிஸ்கிலிருந்து தள்ளி வைத்தால் சரியாகிவிடும். செலவு சொற்பம்.

சரி, எங்கள் அடாப்டருக்கு வருவோம். முதலில், ஒயரில் கவ்வி மாட்டும் ஃபெரைட் மணி இரண்டு வாங்கிப் போட்டேன். பலனே இல்லை. மானிட்டர் கேபிளில் உருண்டையாக இருக்குமே, அந்த வகை. அவை பெரும்பாலும் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்யத் தயாரித்தவை. ஒயர் ஒரு தடவை மட்டும் உள்ளே நுழைந்து வெளியே வந்தால் 1 மெகாஹெர்ட்ஸில் அது தடுப்பது மிகக் குறைவு. ஒயரைப் பெரிய வளையத்தில் பல சுற்று சுற்ற வேண்டும். 2 சுற்றுக்கு 4 மடங்கு, 10 சுற்றுக்கு 100 மடங்கு என்று தடை ஏறும். பெரிய ஃபெரைட் வளையம் கிடைத்து 10 சுற்று சுற்றியதும் கொர் சத்தம் கண்கூடாகத் தாழ்ந்தது, பேச்சு புரிந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தைச் சிலர் இதற்குப் போடுகிறார்கள். அது இரும்புத் தூள் வளையம், வேறு வேலைக்கானது, இங்கே உதவாது. கடைசியில் கணினி நிறுவனத்தின் அசல் அடாப்டரையே வாங்கிவிட்டேன். தாளில் எழுதியிருந்த ஏழு மேடுகளும் போய்விட்டன.

ஒன்றரை மாதம் கழித்து இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொரு கொர். இந்தத் தடவை மேடுகளின் இடைவெளி வேறு; ஆகவே புது ஆள். மகளின் கணினியை அணைத்தும் மாற்றமில்லை. மெயினை அணைத்தால் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. முன்னே சொன்னேனே, அது இப்போது கைகொடுத்தது: சத்தம் ஒயர் வழியாக வெளியிலிருந்து வருகிறது.

தெருவில் தேடும்போது காது ஏமாற்றும். கம்ப ஒயருக்குக் கீழே எங்கே நின்றாலும் சத்தம் ஒரே மாதிரி கேட்கும். ரேடியோ தானாகவே ஒலியைச் சமப்படுத்திவிடுவதும் ஒரு காரணம். அதற்கு, பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் சொல்லித்தந்த வழி: நெருங்க நெருங்க மேல் அதிர்வெண்ணுக்குப் போ. கீழ் மடங்குகள் பலமானவை, ஒயரில் தெரு முழுக்க ஓடும். மேல் மடங்குகள் நலிந்தவை, பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாது. மீடியம் வேவில் தொடங்கி, சிற்றலையில் 5 மெகாஹெர்ட்ஸ், 9 மெகாஹெர்ட்ஸ் என்று ஏறிக்கொண்டே நடந்தேன். மீடியம் வேவில் இருக்கும்போது ரேடியோவைத் தட்டாமாலை மாதிரி மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். உள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பியின் முனை சத்தம் வரும் திசையை நோக்கும்போது ஒலி அடங்கும். சத்தம் உச்சத்துக்கு வரும் இடம் மழுப்பலானது, அடங்கும் இடம் கூர்மையானது. அடங்கும் திசையைத்தான் நம்ப வேண்டும்.

நேரமும் ஒரு தடயம். வேல்ஸில் ஆபர்ஹோசன் என்ற சிற்றூரில் 18 மாதம் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். ஒயர்களில் பெரும் பகுதியை மாற்றியும் தீரவில்லை. 2020-ல் பொறியாளர்கள் காலை 6 மணிக்கே கொட்டும் மழையில் ரேடியோ அலைகளைக் காட்டும் கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் வெடித்தது. அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் போடும் ஒரு பழைய டி.வி.தான் காரணம். விஷயம் தெரிந்ததும் அவர்கள் பதறிப்போய் உடனே அதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தெருவில் 9 மெகாஹெர்ட்ஸில் சத்தம் கேட்டது ஒரே வீட்டு வாசலில். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற ஒருவர். ரேடியோவைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்க. உங்க வீட்டுல எட்டு மணிக்கு மேல எதைப் போடுவீங்க?"

"கம்ப்யூட்டர்தான் தம்பி. பேரன்கிட்ட பேசுவேன். ஏன், இது என் கம்ப்யூட்டரா கத்துது?"

உள்ளே அழைத்தார். பழைய மேஜைக் கணினி. அணைத்தார், ரேடியோ அமைதியானது. போட்டார், கொர். இரண்டு தடவை அவரே போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "இந்தப் பொட்டியைத் தொட்டா சுள்ளுனு இழுக்கும் தம்பி. செருப்பு போட்டுக்கிட்டுதான் உட்காருவேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. மேஜைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். வாசலில், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போகும். ஒரே திசையில் ஏறும் இரைச்சலை வெளி ஒயருக்கு விடாமல் எர்த் வழியாகப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து கேபினெட்டை 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்க விட்டுவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. போக வழியில்லாத இரைச்சல் ஃபேஸிலும் நியூட்ரலிலும் ஏறித் தெருவுக்குப் போகிறது. அவர் கையில் பட்ட சுள்ளும் என் ரேடியோவில் கேட்ட கொர்ரும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இங்கே ஃபில்டர் இருந்தது, அதன் கால் ஊன்றத் தரை இல்லை.

மறுநாள் எலக்ட்ரீசியனை அழைத்து வந்தார். பிளக் பாயிண்டைக் கழற்றினால், பச்சை ஒயர் திருகிலிருந்து உருவி, சுவர்ப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அதை மாட்டி, எர்த் குழிக்கு இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு அவர் கணினியைப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார். நான் சமையலறை ஜன்னலில் 936-ஐத் திறந்து வைத்திருந்தேன். ரேடியோவை போன் பக்கத்தில் பிடித்தேன்.

"திருச்சியா அது?" என்றார். "எங்க வீட்டு ரேடியோ பரண்ல கிடக்கு. நாளைக்கு இறக்கணும்."